பூனைப்பிரியன் வாங்கிய இருபத்தொன்பது மெத்தைகள்

வந்து பத்து நிமிடம் ஆகியும் அந்தப் பெண் அழுகையை நிறுத்தவில்லை. நிதானம் அவளைப் பார்த்தபடி பென்சில் சீவிக்கொண்டிருந்தார். ஒன்று சீவி முடித்ததும் இன்னொன்றை எடுத்தார். பக்கத்து நாற்காலியில் சின்னவளுக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

மனிதருக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. பக்கத்துக் கட்டடம் தீப்பிடித்தபோது, சட்டைப் பொத்தான்களை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு, மின்விசிறியை அணைத்துவிட்டு இறங்கி வந்தவர் அவர். சின்னவள் அவருடைய மனைவியின் தங்கை. நாற்பது வயதாகிக் காதோரம் நரைத்த பிறகும் குடும்பத்தில் அவள் சின்னவள்தான். சலவைக் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறைத் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளர், எழுத்தர், டீ வாங்கி வருபவர் எல்லாம் அவளே. வருகிற கட்டணம் முழுக்க அக்காவின் வங்கிக் கணக்குக்குப் போகும். பால், வாடகை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், அலுவலகப் பென்சில் எல்லாமே அதிலிருந்துதான். அலுவலகத்துக்குத் தனிக் கணக்கு வேண்டும் என்று சின்னவள் மூன்று வருடமாகக் கரடியாகக் கத்துகிறாள். பார்க்கலாம் என்று அத்தான் மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஒருவழியாக வந்தவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தாள். வீட்டிலிருந்தபடியே பூனை மெத்தை தைத்து ஆன்லைனில் விற்கிறவள். பூனைகளுக்கெல்லாம் இப்படி ஒரு வாழ்வா என்று சின்னவள் மலைத்துப்போனாள். அவளுடைய தலையணையை மாற்றியே ஐந்து வருடம் ஆகிறது.

மெத்தைக்காரியின் கணவர் பஸ் வொர்க்‌ஷாப்பில் மெக்கானிக். கணவரின் தங்கை, கட்டிக்கொண்ட இடத்தில் ஒத்துவராமல் ஏழு மாதம் முன்பு இவர்கள் வீட்டோடு வந்துவிட்டவள், பார்சல் கட்டுகிற வேலையைப் பார்க்கிறாள். அந்த நாத்தனார் வந்த பிறகுதான் பணம் காணாமல் போக ஆரம்பித்ததாம். அவளைத் திருடி என்று இன்று காலையில் முகத்துக்கு நேரே சொல்லியாகிவிட்டது. ஆறு மணிக்குள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பச் சொல்லியும் ஆகிவிட்டது. அவள் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை, சரி அண்ணி என்றாளாம். அதைக் கேட்டதும்தான் இவள் இங்கே ஓடிவந்தாள்.

“அவளுக்குப் போக வேற இடம் கிடையாது சார். நான் சொன்னது தப்பா இருந்தா என்னால என்னையே மன்னிக்க முடியாது. ஆறு மணிக்குள்ள எனக்கு நிஜம் தெரியணும்.”

கணவருக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. தங்கை என்றால் உருகிவிடுகிற மனிதர், அவரிடம் சொன்னால் விசாரணையே நடக்காது என்று மறைத்துவிட்டாள்.

நிதானம் வங்கிக் கணக்குத் தாள்களை வாங்கிப் பார்த்தார். சின்னவள் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். ஒரே கணக்கு. மெக்கானிக்கின் சம்பளமும் அதில்தான், மெத்தை விற்ற பணமும் அதில்தான். கரண்ட் பில், பல் டாக்டர், தையல் நூல், ஷாம்பு எல்லாம் ஒன்றன் கீழ் ஒன்றாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தன. வீட்டில் மூன்று பேர், மூன்று போன், மூன்றிலும் அதே கணக்கு.

“இது பொதுக் குழாய் மாதிரி இருக்கே,” என்றாள் சின்னவள். “யார் வேணா திறந்துக்கலாம், யாரும் மூட வேண்டாம்.”

மெத்தைக்காரிக்குக் கோபம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது. சின்னக் கடைதானே, வீட்டுப் பணம் வேறு கடைப் பணம் வேறா என்று இருந்துவிட்டாள். ராத்திரி பகலாக உட்கார்ந்து, பில் இருப்பதையெல்லாம் கழித்துப் பார்த்தபோது, பில்லே இல்லாமல் பத்தொன்பதாயிரத்து எண்ணூற்று அறுபத்தைந்து போயிருந்தது. எல்லாம் ஆன்லைன் சந்தைக்குக் கட்டிய தொகை, அதாவது வீட்டுக்கு சோப்பும் பல்பும் வாங்குகிற, இவள் மெத்தை விற்கிற அதே ஆப். கணவரைக் கேட்டால், ஏதாவது சோப்பு வாங்கியிருப்போம் விடு என்றார். பத்தொன்பதாயிரத்துக்குச் சோப்பு வாங்கினால் தெருவையே குளிப்பாட்டலாம் என்று சின்னவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

“ஆர்டர் எப்படி இருக்கு?” என்று நிதானம் கேட்டார்.

அங்கேதான் தலைசுற்றல். ஆர்டருக்குக் குறைவே இல்லை. ஆறு மாதத்தில் நாற்பத்தொன்று. அதில் இருபத்தொன்பது ஒரே வாடிக்கையாளர், ஆப்பில் அவர் பெயர் பூனைப்பிரியன். ஒவ்வொரு மெத்தைக்கும் ஐந்து நட்சத்திரம் போடுகிற புண்ணியவான். அவர் எழுதிய ஒரு பாராட்டை அச்செடுத்துத் தையல் மெஷினுக்கு மேலே ஒட்டியிருக்கிறாளாம். அந்த ஒருவருக்காகத்தான் கடையை மூடாமல் இருப்பதாகச் சொன்னாள்.

“ஆனா ஒண்ணு புரியல சார். ஆர்டர் ஏறுது, பணம் குறையுது, அலமாரியில மெத்தை மட்டும் குறைய மாட்டேங்குது. வித்தது போக இருக்க வேண்டியதைவிட ஜாஸ்தியா இருக்கு.”

சின்னவள் பென்சிலால் நெற்றியைச் சொறிந்துகொண்டாள். பணத்தைத் திருடுகிறவள் மெத்தையைக் கொண்டுவந்து வைப்பாளா?

நிதானம் நாத்தனாரின் நடமாட்டத்தைப் பற்றிக் கேட்டார். வெள்ளிக்கிழமைதோறும் மத்தியானம் எங்கேயோ போகிறாள், கேட்டால் சும்மா நடந்துவிட்டு வருகிறேன் என்கிறாள், வரும்போது பெரிய பை நிறைய எதையோ கொண்டுவந்து நேரே துவைக்கப் போட்டுவிடுகிறாள் என்றாள் மெத்தைக்காரி. போகும்போது பையில் என்ன இருக்கும் என்று கேட்டார். ஒன்றும் இருக்காது, வெறும் பைதான் என்றாள்.

“திருடறவங்க நிறைஞ்ச பையோட வெளிய போவாங்கம்மா,” என்றார் நிதானம். “உங்க நாத்தனார் காலிப் பையோட போய் நிறைஞ்ச பையோட வராங்க.”

பிறகு, பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, சின்னவளைப் பார்த்து, போனை எடுத்து இந்தம்மா கடையில் ஒரு மெத்தை வாங்கு என்றார்.

“அத்தான், நம்மகிட்ட பூனையே இல்ல.”

“வாங்கு.”

சின்னவள் வாங்கினாள். விலை அறுநூற்று நாற்பது என்று போட்டிருந்தது. பணம் கட்டுகிற பக்கத்துக்குப் போனதும், டெலிவரிக்கு என்று இன்னொரு நாற்பத்தைந்து வந்து ஒட்டிக்கொண்டது. மொத்தம் அறுநூற்று எண்பத்தைந்து. கட்டினாள். மெத்தைக்காரியின் போன் டிங் என்று அடித்தது. அழுது வீங்கிய அந்த முகத்தில், ஒரு நொடி, அப்படி ஒரு வெளிச்சம் வந்து போனது. இதே அறையில் வாங்கியது என்று தெரிந்தும் வந்தது. சின்னவள் அதைக் கவனித்தாள்.

நிதானம் தாள்களைத் திருப்பி வைத்து, பில் இல்லாத தொகைகளின் பக்கத்தில் ஒவ்வொரு புள்ளியாக வைத்தார். அறுநூற்று எண்பத்தைந்து. அறுநூற்று எண்பத்தைந்து. ஆயிரத்து முந்நூற்று எழுபது, அது அதற்கு இரண்டு மடங்கு. மறுபடியும் அறுநூற்று எண்பத்தைந்து. வேறு எண்ணே இல்லை. மெத்தைக்காரிக்கு அறுநூற்று நாற்பதுதான் பழக்கமான எண். வாங்குகிறவர் கட்டுகிற தொகையை அவள் பார்த்ததே கிடையாது. தன் கடையில் தானே வாங்கிப் பார்க்கிற பழக்கம் யாருக்கு இருக்கிறது?

மொத்தத்தை வகுத்துப் பார் என்றார் நிதானம். சின்னவள் போனில் தட்டினாள். பத்தொன்பதாயிரத்து எண்ணூற்று அறுபத்தைந்தில் அறுநூற்று எண்பத்தைந்து எத்தனை தடவை இருக்கிறது? இருபத்தொன்பது. மிச்சம் ஒன்றும் இல்லை.

மெத்தைக்காரியின் முகம் பேயறைந்தது போல ஆனது. பூனைப்பிரியன் தன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான் என்று புரிய அவளுக்கு அரை நிமிடம் ஆயிற்று. நாத்தனார்தான் என்று அவள் சொல்ல வாயெடுத்தபோது, நிதானம் கையைக் காட்டி நிறுத்தி, பூனைப்பிரியனுக்குப் பார்சல் எந்த முகவரிக்குப் போகிறது என்று கேட்டார். வீட்டு முகவரி இல்லை. பார்சலை வாங்கி வைத்து, வருகிறவர்களிடம் கொடுக்கிற கடை ஒன்று. ஆப்பைப் பார்த்துத் தெருப்பெயரைச் சொன்னாள், அந்தப் பக்கம் அவள் போனதே இல்லையாம். நான்கு மணிக்கு அந்தக் கடை வாசலுக்கு வந்துவிடச் சொல்லி அவளை அனுப்பிவிட்டார்.

பார்சல் கடை ஒரு ஜெராக்ஸ் கடையின் பாதி. கடைக்காரருக்குப் பூனைப்பிரியன் என்றதும் சிரிப்பு வந்துவிட்டது. மனுஷன் வருவார், பார்சலை ஒன்றுக்கு இரண்டு தடவை முகர்ந்து பார்ப்பார், பேசாமல் எடுத்துக்கொண்டு போவார் என்றார். யார், எங்கிருந்து என்று தெரியாதாம். நிதானம் கையெழுத்து நோட்டைக் கேட்டார். இருபத்தொன்பது கையெழுத்தும் கோழி கிளறியது போல இருந்தன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கட்டை விரல் அளவுக்குக் கறுப்பாக ஒரு கறை. சின்னவள் அதைத் தொட்டு முகர்ந்தாள்.

“கிரீஸ்,” என்றாள். “நாத்தனார் பார்சல் கட்டறதுக்குக் கிரீஸ் போடறாங்களா அத்தான்?”

அத்தான் தெருவுக்கு எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பெரிய தகரக் கதவும், அதற்குப் பின்னால் வரிசையாகப் பஸ்களின் முதுகும் தெரிந்தன.

வொர்க்‌ஷாப்பின் கடைசி மூலையில், சக்கரங்களைக் கழற்றிச் செங்கல் மேல் நிறுத்திய பழைய பஸ் ஒன்று இருந்தது. அதன் முன் கதவில் புத்தம் புதுப் பூட்டு. இவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே, கையைத் துணியில் துடைத்தபடி ஒருவர் ஓடிவந்தார். ஆள் நல்ல உயரம். நிதானம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, பூனைப்பிரியன் நீங்கள்தானே என்று நேரம் கேட்பது போலக் கேட்டார். மெக்கானிக்குக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பூட்டைத் திறந்தார்.

உள்ளே ஏழெட்டுப் பூனைகள். டிரைவர் சீட்டில் ஒன்று, கண்டக்டர் சீட்டில் ஒன்று, பின்னால் இரண்டு டிக்கெட் எடுக்காத குட்டிகள். கால் உடைந்தது, காது கிழிந்தது என்று வொர்க்‌ஷாப்புக்கு வந்து சேர்ந்த பிறவிகள். பூப்போட்ட மெத்தைகளில் ராஜா மாதிரி கிடந்தன. சின்னவள் மெத்தைகளை எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

“ஆறுதான் இருக்கு. மிச்சம் இருபத்தி மூணு எங்கே?”

“அதைத்தாங்க நானும் கேக்கறேன்,” என்றார் மெக்கானிக் பரிதாபமாக. “நீங்க துப்பறியறவங்கதானே? வாரா வாரம் யாரோ திருடிட்டுப் போறாங்க. பூட்டு போட்டும் போகுது.”

சின்னவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பஸ்ஸின் பின்பக்கம் போய்ப் பார்த்தாள். அவசர வழிக் கதவு ஒருச்சாய்ந்து திறந்தே கிடந்தது. பஸ்ஸையே பிரித்துப் பூட்டத் தெரிந்த மனிதர், முன்வாசலுக்கு மட்டும் பூட்டுப் போட்டிருக்கிறார்.

நிதானம் படியில் உட்கார்ந்து, ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டார். மெக்கானிக் ஒரு பூனையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். கடை திறந்து இரண்டு மாதம் ஒரு ஆர்டர்கூட வரவில்லை. மனைவி மெஷினைத் துணி போட்டு மூடிவிட்டாள், அவரோடும் சரியாகப் பேசுவதில்லை. ஒருநாள் யாரோ ஒருவர் ஒரு மெத்தை வாங்கினார்.

“போன் டிங்னு அடிச்சுது. அவ முகத்தைப் பாக்கணுமே நீங்க. கல்யாணத்தன்னிக்குக்கூட அப்படி இல்ல. இன்னொரு தடவை பாக்கணும்போல இருந்துது. அவ்வளவுதாங்க.”

சம்பளப் பணத்தில்தானே வாங்குகிறோம் என்று நினைத்தாராம். சம்பளமும் கடைப் பணமும் ஒரே இடத்தில் கிடந்தால் எது எதிலிருந்து போகிறது என்று யாருக்குத் தெரியும்? நிதானம் அதை நிதானமாக எடுத்துச் சொன்னார்.

“அவங்க கடைப் பணத்தை எடுத்து அவங்க கடையிலயே வாங்கியிருக்கீங்க. ஒவ்வொரு சுத்துலயும் ஆப்காரன் கமிஷன் தொண்ணூத்தாறு, டெலிவரி நாப்பத்தஞ்சு. நூத்து நாப்பத்தொண்ணு கழிஞ்சுதான் திரும்பி வருது. இதுல உங்க தங்கச்சிக்குத் திருடிப் பட்டம். ஆறு மணிக்கு அவங்க வீட்டை விட்டுப் போறாங்க.”

மெக்கானிக்கின் மடியிலிருந்து பூனை குதித்தது. அவர் எழுந்துவிட்டார். என் தங்கையா, போகிறாளா என்று இரண்டு தடவை கேட்டார்.

அந்த நேரம் பஸ்ஸின் பின்பக்கம் ஏதோ உரசியது. நிதானம் உதட்டின் மேல் விரலை வைத்தார். அவசர வழி வழியாக முதலில் ஒரு பெரிய பெட்டி உள்ளே வந்தது. அதன் பின்னால் ஒரு பெண் ஏறி வந்து, பெட்டியைத் திறந்து வைத்து, தூங்கிக்கொண்டிருந்த காது கிழிந்த பூனையை ஒரு கையால் மெல்லத் தூக்கி, மறு கையால் மெத்தையை உருவினாள். இரண்டாவது மெத்தையை உருவும்போதுதான் அண்ணனைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

நாத்தனாரைச் சின்னவள் அதுவரை பார்த்ததில்லை. ஒடிசலான உடம்பு, கையில் பார்சல் டேப் அறுத்த கீறல்கள். அந்தப் பெட்டியில் துணி ஒன்றுகூட இல்லை.

பேச ஆரம்பித்ததும் அவள் எதையும் மறைக்கவில்லை. பூனைப்பிரியனின் முகவரி அண்ணனின் வொர்க்‌ஷாப்புக்கு எதிர்க்கடை என்று இரண்டாவது பார்சலிலேயே தெரிந்துவிட்டதாம். ஒரு வெள்ளிக்கிழமை வந்து பஸ்ஸையும் பார்த்துவிட்டாள். அதன் பிறகு வாரா வாரம் வந்து, மெத்தைகளைத் திரும்ப எடுத்துப்போய், உறையைத் துவைத்துக் காயவைத்து, பூனைப்பிரியனிடமிருந்து அடுத்த ஆர்டர் வரும்போது அதையே கட்டி அனுப்பினாள். ஒரே மெத்தையை நான்கு தடவை வாங்கியிருக்கிறார் அண்ணன். முகர்ந்து பார்த்துமா தெரியவில்லை என்று சின்னவள் கேட்டாள். அவருக்கு எல்லாமே கிரீஸ் வாசனைதான் என்றாள் தங்கை.

“பணந்தான் சுத்திச் சுத்தித் தேயுது. துணியும் ஸ்பாஞ்சுமாவது மிச்சமாகட்டுமேன்னுதான்.”

காலையிலேயே இதைச் சொல்லியிருக்கலாமே என்று நிதானம் கேட்டார். அவள் கையிலிருந்த மெத்தையைப் பெட்டிக்குள் வைத்தாள்.

“சொன்னா, அவங்களோட பெரிய கஸ்டமரே பொய்னு ஆயிடும். அண்ணி மறுபடி மெஷினை மூடி வச்சிருவாங்க. அதுக்கு நான் திருடியாவே போயிடலாம்.” பெட்டியைக் காட்டினாள். “போறதுக்கு முன்னாடி அலமாரியை நிறைச்சு வச்சிட்டுப் போகலாம்னு வந்தேன்.”

அப்போதுதான் சின்னவள் திரும்பிப் பார்த்தாள். மணி நான்கு தாண்டியிருந்தது. முன் கதவுப் படியில் மெத்தைக்காரி நின்றுகொண்டிருந்தாள். பார்சல் கடைக்காரர் வழிகாட்டி அனுப்பியிருக்க வேண்டும். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. முகத்தைப் பார்த்தால் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்று மட்டும் தெரிந்தது.

அவள் கணவரிடம் முதலில் கேட்டது பணத்தைப் பற்றி இல்லை. மெஷினுக்கு மேலே ஒட்டியிருக்கிற பாராட்டை எழுதியது நீங்களா என்று கேட்டாள். ஆமாம் என்றார். என் பூனை வேறு எங்கேயும் தூங்க மாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தார். அது நிஜம்தான் என்று சொல்லி, கண்டக்டர் சீட்டைக் காட்டினார். மெத்தைக்காரி அந்தப் பூனையை வெறித்துப் பார்த்தாள். அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“அப்போ என் கடையில நிஜமா யாருமே வாங்கலையா?”

பதில் சொன்னது நாத்தனார். “பன்னெண்டு பேர் வாங்கியிருக்காங்க அண்ணி. முன்பின் தெரியாதவங்க. அவங்களுக்கெல்லாம் நீங்க தைச்ச புதுசுதான் போட்டேன். ஒருத்தரும் திருப்பி அனுப்பல.”

பன்னிரண்டு என்று மெத்தைக்காரி மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். இருபத்தொன்பதைவிட அது பெரிய எண் என்பது போல இன்னொரு தடவையும் சொன்னாள். யாராவது இப்படி நெகிழும்போதெல்லாம் சின்னவளுக்கு ஏதாவது பேசியாக வேண்டும்.

“பதிமூணு,” என்றாள் போனைக் காட்டி. “நாங்களும் ஒண்ணு வாங்கியிருக்கோம். புதுசா அனுப்புங்க.”

மெத்தைக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாளைக்குக் காலையில் முதல் வேலையாக வங்கிக்குப் போய்க் கடைக்கென்று தனிக் கணக்கு தொடங்கப் போவதாகச் சொன்னாள். தன் பெயரிலும் நாத்தனார் பெயரிலும். மெக்கானிக் தன்னுடைய பெயர் என்று மெல்ல இழுத்தார்.

“உங்க பேர் அதுல கிடையாது. பூனைக்கு மெத்தை வேணும்னா உங்க சம்பளத்துல வாங்கிக்குங்க.” நிதானத்தின் பக்கம் திரும்பினாள். “உங்க கட்டணம் எவ்வளவு சார்?”

நிதானம் தொகையைச் சொல்லிவிட்டு, கடைப் பணமா வீட்டுப் பணமா என்று கேட்டார். வழக்கமாகக் கேட்காத கேள்வி. அவள் யோசித்தாள். வீட்டுச் செலவு என்றாள். மெக்கானிக் மறுபேச்சில்லாமல் கிரீஸ் பர்ஸை எடுத்தார்.

பிறகுதான் அவள் நாத்தனாரின் பக்கத்தில் போனாள். மன்னிப்புக் கேட்கத்தான் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளால் அது முடியவில்லை, வார்த்தை வாய்வரை வந்து நின்றுவிட்டது. பெட்டியிலிருந்த மெத்தையை எடுத்து, அந்தக் காது கிழிந்த பூனைக்கே திரும்பப் போட்டாள்.

“பெட்டியில இருந்த உன் துணியெல்லாம் எங்கே?”

“கட்டில் மேல கொட்டி வச்சிருக்கேன் அண்ணி.”

“வீட்டுக்குப் போனதும் மடிச்சு பீரோவுல வை. கீழ்த் தட்டுல இல்ல, மேல்தட்டுல, என் புடவை பக்கத்துல.”

நாத்தனார் அப்போதுதான் அழுதாள். காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்தது போல அழுதாள். காலிப் பெட்டியை மெத்தைக்காரியே தூக்கிக்கொண்டாள்.

வொர்க்‌ஷாப் வாசலுக்கு வந்து, பஸ் நிறுத்தம் வரை அத்தானும் மச்சினியும் நடந்தார்கள். நல்ல வெயில். நிதானம் வழக்கம்போல ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்தார். சின்னவளின் போன் அடித்தது. அக்கா.

“ஏண்டி, நம்ம கணக்குலேர்ந்து அறுநூத்து எண்பத்தஞ்சு போயிருக்கு. பூனை மெத்தையாமே. நம்ம வீட்டுல பூனை ஏது? உங்க அத்தான் எந்தப் பூனைக்குடி மெத்தை வாங்கிக் குடுத்தாரு?”

சின்னவள் போனை அவர் பக்கம் நீட்டினாள். நிதானம் அதை வாங்கவில்லை. வழியில் பார்த்த முதல் வங்கிக்குள், மூடுவதற்குள் போய்விட வேண்டும் என்று ஓட்டமும் நடையுமாகப் போனார். இருபது வருடத்தில் அவர் ஓடி அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.